மான் வெட்டுக்கூலி: விஸ்கான்சினில் முதல் மானைக் கடைக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு

கடை வாசலில் தொங்கிய பலகையில் 'மான் வெட்ட 130 டாலர்' என்று எழுதியிருந்தது. மூன்று வாரம் கழித்துக் கறியை எடுக்கப் போனபோது என் கைக்கு வந்த பில் 334 டாலர். கடைக்காரர் ஏமாற்றவில்லை. பில்லில் இருந்த ஒவ்வொரு வரியும் நானே டிக் அடித்துக் கொடுத்ததுதான். வீட்டுக்கு வந்து எடை போட்டால் எல்லாம் சேர்த்து 42 பவுண்டு. பவுண்டுக்கு ஏறக்குறைய எட்டு டாலர். அடுத்த வருஷம் அதே கடையில், ஏறக்குறைய அதே அளவு மானுக்கு 150 டாலரோடு வேலை முடிந்தது. அந்த இரண்டு பில்லுக்கும் நடுவில் நான் தெரிந்துகொண்டதுதான் இந்தக் கட்டுரை.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் துப்பாக்கி மான் வேட்டை ஒன்பது நாள். நவம்பரில் வரும் நன்றி நவிலல் நாளுக்கு (தேங்ஸ்கிவிங்) முந்தைய சனிக்கிழமை தொடங்கும். ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதற்கு உரிமம் வாங்குகிறார்கள். அந்த வாரம் ஆபீஸில் பாதி நாற்காலி காலியாக இருக்கும். மேடிசன், மில்வாக்கி பக்கம் வேலைக்கு வந்த நம் ஆட்களில் சிலர் சக ஊழியர் கூப்பிட்டாரென்று முதல் தடவையாகப் போகிறார்கள். ஊரில் மான்கறி என்ற சொல்லே வழக்கு, ஜெயில் என்றுதான் காதில் விழும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அப்படி. இங்கே அது உரிமம் வாங்கி, வருஷாவருஷம், குடும்பத்தோடு செய்யும் காரியம். அதனால் மானை எப்படிக் கறியாக்குவது என்பது நம் வீட்டுப் பெரியவர்கள் யாரையும் கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடிய விஷயமாக இல்லை.

துப்பாக்கி, பயிற்சி வகுப்பு பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. ஒன்று மட்டும்: 1973 ஜனவரி 1 அல்லது அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்கு இங்கே வேட்டைப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும். எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்க மத்தியச் சட்டம் தடை போடுகிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பது அதற்கு ஒரு விதிவிலக்கு. அந்த விவரத்தை ஒரு வக்கீலிடம் தெளிவுபடுத்திக்கொண்டு காட்டுக்குப் போங்கள்.

முதலில் போன்

மானைச் சுட்ட பிறகு கடை தேடுவது முகூர்த்த நாளில் மண்டபம் தேடுவது போல. முதல் சனி, ஞாயிறுகளில் கடைகள் நிரம்பி வழியும். சில கடைகள் ஞாயிறு மத்தியானமே 'இனி எடுப்பதில்லை' என்று பலகையைத் திருப்பிவிடும். அக்டோபரிலேயே இரண்டு மூன்று கடைகளுக்குப் போன் போட்டு இவற்றைக் கேட்டுவிடுங்கள்.

அடிப்படைக் கூலி எவ்வளவு, அதில் தோலுரிப்பது சேர்த்தியா? பொட்டலம் காகிதத்திலா, காற்று உறிஞ்சிய பிளாஸ்டிக் உறையிலா? என் மானைத் தனியாக வெட்டுவீர்களா, மற்றவர்கள் கறியோடு கலப்பீர்களா? முன்பணம் உண்டா? எத்தனை நாளில் கிடைக்கும்? எடுக்கத் தாமதமானால் வாடகை போடுவீர்களா? ராத்திரி எத்தனை மணி வரை மானை இறக்கலாம்?

கடைசிக் கேள்வியை நான் கேட்கவில்லை. காட்டிலிருந்து மானை இழுத்து வண்டியில் ஏற்றி வருவதற்குள் மணி எட்டு. கடை மூடியிருந்தது. அன்றைக்கு வெளியே ஐம்பது டிகிரி இருந்ததால், பெட்ரோல் நிலையத்தில் ஐஸ் மூட்டை வாங்கி வயிற்றுக்குள் திணித்துக்கொண்டு ராத்திரியெல்லாம் தூங்காமல் கிடந்தேன். (இந்தக் கட்டுரையில் வரும் டிகிரி எல்லாம் ஃபாரன்ஹீட்.) விஸ்கான்சின் நவம்பர் என்றால் உறைபனி என்று நினைத்துப் போகாதீர்கள். கறி நாற்பது டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். அதற்கு மேலே போகப் போகக் கிருமி பெருகும்.

காட்டிலேயே தொடங்கும் கணக்கு

பெரும்பாலான கடைகளில் அடிப்படைக் கூலி ஒரு மானுக்கு இவ்வளவு என்பதுதான். கறி ஐம்பது பவுண்டு தேறினாலும் முப்பது தேறினாலும் அதே காசு. ஆகவே குண்டு எங்கே பட்டது என்பது நேராக உங்கள் பையைத் தொடுகிற விஷயம். முன்னங்கால் சப்பையில் பட்டால், அதைச் சுற்றிக் கறியெல்லாம் இரத்தம் கட்டிக் கறுத்துப் போகும். கடைக்காரர் அதை அறுத்துத் தொட்டியில் போடுவார். இரண்டு சப்பையும் சிதைந்தால் குழம்புக்கு ஆகிற கறியில் பெரும்பகுதி போய்விடும். குண்டு வயிற்றில் பட்டால் குடல் உடைந்து உள்ளே எல்லாம் பரவும். சில கடைகள் அதற்குத் தனியாகக் கழுவுகூலி போடும், சில கடைகள் வாங்கவே மாட்டா. சப்பைக்குச் சற்றுப் பின்னால், நுரையீரலில் படும்படி சுடுவதுதான் கறிக்கும் நல்லது, மானுக்கும் சீக்கிரம்.

சுட்ட இடத்திலேயே வயிற்றைக் கிழித்துக் குடலை எடுத்துவிட வேண்டும். எந்தக் கடையும் குடலோடு வாங்காது. கூட வந்த அனுபவசாலியைப் பக்கத்தில் நிற்க வைத்து நீங்களே செய்யுங்கள். ஆட்டுக்கறி வெட்டுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது பெரிய அதிர்ச்சியாக இருக்காது. மூத்திரப்பையை மட்டும் கிழித்துவிடாதீர்கள்.

ஈரல் வேண்டுமென்றால் அங்கேயே ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள், கடைக்குப் போன பிறகு அது கிடைக்காது. ஆனால் மரினெட் ஊரைச் சுற்றி ஐந்து மைலுக்குள் சுட்ட மானின் ஈரலைச் சாப்பிட வேண்டாம் என்று மாநில அரசு 2020-இல் எச்சரித்திருக்கிறது. தீயணைப்பு நுரையில் இருக்கும் பீஃபாஸ் ரசாயனம் ஈரலில் சேர்கிறது. நீங்கள் போகும் இடத்துக்கு அப்படி ஏதாவது அறிவிப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பதிவும் தலையும்

மான் கையில் கிடைத்த மறுநாள் மாலை ஐந்து மணிக்குள் இணையத்திலோ போனிலோ பதிவு செய்ய வேண்டும். ஓர் எண் கொடுப்பார்கள். பல கடைகள் அந்த எண்ணைக் கேட்டு எழுதிக்கொண்ட பிறகே மானை இறக்கவிடும்.

அடுத்தது சி.டபிள்யூ.டி. மானை மெலிய வைத்துக் கொல்லும் மூளை நோய் இது. 1967-இல் கொலராடோவில் அடைத்து வளர்த்த மான்களிடம் முதலில் பார்த்தார்கள்; விஸ்கான்சினில் 2002-இல் உறுதியானது. இப்போது மாநிலத்தின் தென்பகுதி மாவட்டங்களில் நன்றாக வேரூன்றிவிட்டது. மனிதருக்குத் தொற்றியதாக உறுதியான நிகழ்வு இதுவரை இல்லை. ஆனாலும் நோய் உள்ள பகுதியில் சுட்ட மானைச் சோதித்துப் பார்க்கவும், நோய் இருந்தால் கறியைச் சாப்பிட வேண்டாம் என்றும் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் சொல்கிறது. இந்த நோயை உண்டாக்குவது உருக்குலைந்த ஒரு புரதம்; கறியை வேக வைப்பதால் அது அழியாது.

சோதனை இங்கே இலவசம். கழுத்தில் நாலைந்து அங்குலம் சேர்த்துத் தலையை வெட்டி, மாநில அரசு வைத்திருக்கும் பெட்டியில் சீட்டு எழுதிப் போட்டுவிட்டு வர வேண்டும். சில கடைகளே தலையை வாங்கி அனுப்பும். முடிவு வர இரண்டு வாரம்போல ஆகும்.

நம் ஆட்கள் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டிய இடம் இது. மூளை, கண், தண்டுவடம், சுவரொட்டி, கழுத்துச் சுரப்பிகள், இவை எதையும் சாப்பிடக் கூடாது. அந்தப் புரதம் சேர்கிற இடங்கள் இவைதான். ஊர்க் கறிக்கடையில் மூளையும் சுவரொட்டியும் எடுத்துவைக்கச் சொல்லிப் பழகிய நாக்கு கேட்கும். வேண்டாம்.

இந்தச் சோதனைக்கும் பில்லுக்கும் சம்பந்தம் உண்டு. முடிவு வருவதற்கு முன்பே சாசேஜும் (அரைத்த கறியைத் தோலில் அடைத்தது) ஜெர்க்கியும் (மசாலா தடவிக் காயவைத்த கறி) செய்யச் சொல்லி 334 டாலர் பில் ஏற்றிவிட்டு, பிறகு நோய் இருக்கிறது என்று சேதி வந்தால் கறி குப்பைக்குப் போகும், கூலி திரும்பி வராது. முதலில் அடிப்படை வெட்டு மட்டும் சொல்லுங்கள். சாசேஜுக்கான கறியைத் தனியாக உறைய வைத்து, முடிவு வந்ததும் செய்து தரச் சொல்லலாம். பல கடைகள் எலும்பில்லாத கறியைச் சீசன் முடிந்த பிறகும் சாசேஜுக்கு வாங்கிக்கொள்ளும். ஜனவரியில் கூட்டமும் இருக்காது.

மினசோட்டாவிலிருந்து வந்து விஸ்கான்சினில் வேட்டையாடுபவர்கள் முழு மானைக் கூரையில் கட்டிக்கொண்டு எல்லையைத் தாண்ட முடியாது. தலையும் முதுகெலும்பும் இல்லாத கறியாகத்தான் கொண்டுபோகலாம். அவர்கள் இந்தப் பக்கத்திலேயே வெட்டுக் கடை பார்க்க வேண்டும்.

பலகையில் உள்ள விலை எதற்கு?

நான் விசாரித்த கடைகளில் அடிப்படைக் கூலி 100 முதல் 150 டாலர் வரை இருந்தது. அந்தக் காசுக்குச் செய்வது: மானைத் தொங்கவிட்டு, எலும்பிலிருந்து கறியைப் பிரித்து, முதுகுக்கறியைத் தனியாக எடுத்து, தொடையைத் துண்டோ ஸ்டேக்கோ (தடித்த வில்லை) போட்டு, மிச்சத்தைக் கொத்துக்கறியாக அரைத்து, பொட்டலம் கட்டி, பெயர் எழுதி, உறைய வைப்பது. தோலுரிக்க 20 டாலர்போலச் சில கடைகள் தனியாக வாங்கும். தலையைப் பாடம் செய்து சுவரில் மாட்ட வேண்டுமானால் கழுத்துத் தோலை நெஞ்சு வரை பதமாக உரிக்க வேண்டும். அதற்கு வேறு கூலி. காற்று உறிஞ்சிய உறைக்குச் சில கடைகள் கூடுதலாக 15, 20 டாலர் கேட்கும். அதைக் கொடுத்துவிடுங்கள். காகிதப் பொட்டலத்தில் ஆறு மாதத்தில் ஓரம் காய்ந்துபோகும் கறி, உறையில் ஒரு வருஷம் தாங்கும்.

எல்க், மூஸ் போன்ற பெரிய விலங்குகளுக்கு மேற்கு மாநிலங்களில் எடைக் கணக்கில் கூலி போடுவார்கள். கொக்கியில் தொங்கும் எடைக்கா, கடைசியில் கைக்கு வரும் கறிக்கா என்று கேட்பதுதான் அங்கே முக்கியம். இரண்டுக்கும் நடுவே எலும்பின் எடை இருக்கிறது.

'என் மானின் மீதிக் கறி எங்கே?'

எல்லாக் கடையிலும் வருஷத்துக்குப் பத்துப் பேராவது இப்படிச் சண்டை போடுவார்கள். '140 பவுண்டு மான் கொடுத்தேன், 42 பவுண்டு கொடுக்கிறாயே' என்று. கணக்குப் போட்டுப் பாருங்கள். உயிரோடு 140 பவுண்டு இருந்த மான், குடல் எடுத்தால் 110. தோல், தலை, கால் போனால் எண்பது சொச்சம். எலும்பு போக நல்லபடி வெட்டினால் ஐம்பதைத் தொடலாம். குண்டு பட்ட இடம், காய்ந்த ஓரம், கொழுப்பு, சவ்வு எல்லாம் கழித்தால் நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவில் நிற்கும். ஆட்டில் எலும்போடு எடைபோட்டு வாங்கிப் பழகியதால் நமக்கு இது திருட்டு போலத் தெரிகிறது.

மான் கொழுப்பை ஏன் கழிக்க வேண்டும் என்று கேட்பீர்கள். ஆட்டுக்கொழுப்பு போல அது மணக்காது. மெழுகு போல உறைந்து அண்ணத்தில் ஒட்டும். கறியில் காட்டுவாடை அடிக்கிறது என்று பலர் சொல்வது பெரும்பாலும் கழிக்காமல் விட்ட இந்தக் கொழுப்பின் வாடைதான்.

ஆர்டர் தாள்

உங்கள் காசு கைமாறும் இடம் இதுதான். கவுண்டரில் ஓர் அம்மா தாளையும் பேனாவையும் நீட்டுவார். பின்னால் பதினைந்து பேர் இரத்தக் கறை படிந்த உடுப்போடு நிற்பார்கள். தாளில் முப்பது கட்டம். நான் திருவிழாக் கடையில் நின்ற பையன் மாதிரி எல்லாவற்றிலும் ஒன்று கேட்டேன். அந்த 334 டாலர் இப்படி ஆனது: அடிப்படை 130, தோல் 20, உறை 15, ஸம்மர் சாசேஜ் (தடித்த சாசேஜ்) பதினைந்து பவுண்டு 60, அதில் சீஸ் சேர்க்க 11, ஸ்நாக் ஸ்டிக் (விரல் பருமன் சாசேஜ்) பத்து பவுண்டு 50, ஜெர்க்கி எட்டு பவுண்டு 48.

ஜெர்க்கியைப் பாருங்கள். எட்டு பவுண்டு பச்சைக் கறிக்கு ஆறு டாலர் வீதம் வாங்கினார்கள். கைக்கு வந்தது நான்கு பவுண்டுகூட இல்லை. உப்புக்கண்டம் போட்ட வீட்டில் வளர்ந்தவனுக்கு இது முன்பே உறைத்திருக்க வேண்டும். எங்கள் அப்பத்தா கொடியில் கோத்துக் காயப்போட்ட கறி பாதிக்குக் கீழே சுண்டித்தான் சட்டிக்குள் போகும். தாளில் உள்ள விலை பச்சை எடைக்கா, காய்ந்த எடைக்கா என்று கேளுங்கள். காய்ந்த எடைக்கு என்றால் விலை இரட்டிப்பாகத் தெரியும், உண்மையில் ஒன்றுதான்.

ஸம்மர் சாசேஜில் கதை வேறு. பதினைந்து பவுண்டில் என் மான் பத்துப் பவுண்டுதான். மீதி ஐந்து பன்றிக்கறி. மான்கறியில் கொழுப்பு இல்லாததால் சேர்க்காமல் சாசேஜ் பிடிக்காது. அதில் தவறில்லை. ஆனால் நான் பவுண்டுக்கு நான்கு டாலர் கொடுத்தது அந்தப் பன்றிக்கும் சேர்த்து என்பது வீட்டுக்கு வந்த பிறகே புரிந்தது.

பன்றியோ மாடோ சாப்பிடாதவர்கள் இந்த இடத்தில் நிறுத்திப் படிக்க வேண்டும். ஒன்றும் சொல்லாமல் விட்டால், கொத்துக்கறியில்கூடப் பன்றிக்கொழுப்போ மாட்டுக்கொழுப்போ சேர்ப்பது பல கடைகளின் வழக்கம். 'எதுவும் சேர்க்காத, வெறும் மான்' என்று தாளில் எழுதி, வாயாலும் சொல்லுங்கள். சாசேஜின் மேல்தோலும் பன்றிக்குடலாகவோ மாட்டுத்தோலில் செய்ததாகவோ இருக்கலாம். அப்படியே வெறும் மான் அரைத்தாலும், முந்தின ஆளின் பன்றி கலந்த கறி அதே இயந்திரத்தில்தான் ஓடியிருக்கும். அது மனதுக்கு ஒப்பாதென்றால் கொத்துக்கறியே சொல்லாதீர்கள். எல்லாவற்றையும் துண்டாக வாங்கி வீட்டில் அரைத்துக்கொள்ளுங்கள்.

நம் சமையலுக்கு நான் இப்போது எழுதிக் கொடுப்பது இது. முதுகுக்கறி இரண்டையும் ஸ்டேக்காக வெட்டாமல், மூன்று மூன்று நீளத் துண்டாக மட்டும் பிரித்து. வறுவலுக்கும் சுக்காவுக்கும் வேண்டியபடி நானே நறுக்கிக்கொள்வேன். முதுகெலும்புக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கும் டெண்டர்லாயின் இரண்டு, கையளவுதான் இருக்கும். கடைக்குப் போகும் முன்பே அறுத்து எடுத்துவைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அது தொங்கினால் காய்ந்துவிடும். பின்தொடையில் பாதி ஓர் அங்குலத் துண்டுகளாகக் குழம்புக்கு, பாதி முழுசாகப் பிரியாணிக்கு. சப்பையும் கழுத்தும் குழம்புத் துண்டு. மிச்சம் கொத்துக்கறி, ஒரு பவுண்டுப் பொட்டலமாக. இரண்டு பவுண்டுப் பொட்டலம் சொல்லாதீர்கள். இரண்டு பேர் உள்ள வீட்டில் உருகிய கறி மூன்று நாள் ஃப்ரிட்ஜில் கிடக்கும்.

எலும்போடு வேண்டும் என்று கேட்டால் பெரும்பாலும் முடியாது என்றுவிடுவார்கள். சி.டபிள்யூ.டி. வந்த பிறகு ரம்பம் வைத்து எலும்பை, அதிலும் முதுகெலும்பை, அறுப்பதை நிறைய கடைகள் விட்டுவிட்டன. தண்டுவடத்தின் துகள் கறியில் தெறிக்கும் என்ற அச்சம். அது நியாயமான அச்சம். ஆனால் கால் எலும்பை மூட்டில் கத்தியால் கழற்றினால் ரம்பம் தேவையில்லை. 'நான்கு காலின் கீழ்ச்சதையையும் எலும்போடு முழுசாக' என்று எழுதுங்கள். சில கடைகள் செய்யும். சோதனை முடிவு நல்லபடி வந்த பிறகு அந்த நான்கில் ஒன்றைக் குக்கரில் மிளகு போட்டு வைத்தால் வரும் சாறுக்கு, வெட்டுக்கூலி முழுவதையும் மன்னித்துவிடலாம்.

கலப்பும் ஈயமும்

சாசேஜ் செய்யும் கடைகளில் சில, பலருடைய கறியைச் சேர்த்து ஒரே தொட்டியில் அரைத்து, எடைக்கு எடை பிரித்துக் கொடுக்கும். இருபத்தைந்து பவுண்டுக்குக் குறைந்தால் தனியாகச் செய்ய மாட்டோம் என்பார்கள். அதில் இரண்டு சங்கடம். வேறொருவரின் சோதிக்காத மான் உங்கள் பொட்டலத்துக்குள் வரும். இரண்டாவது ஈயம். ஈயக் குண்டு எலும்பில் மோதினால் கண்ணுக்குத் தெரியாத துகளாகச் சிதறி, ஓட்டையிலிருந்து வெகு தூரம் தள்ளிப் போய் நிற்கும். 2008-இல் வடக்கு டகோட்டாவில் ஏழைகளுக்கு நன்கொடையாக வந்த மான் கொத்துக்கறிப் பொட்டலங்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில் உலோகத் துகள் தெரிந்து, அங்கே உணவு வங்கிகளிலிருந்து அந்தக் கறியை அப்புறப்படுத்தச் சொன்னார்கள். கர்ப்பிணிகளும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளும் ஈயக் குண்டால் சுட்ட கறியைத் தவிர்க்க வேண்டும் என்ற அறிவுரையும் அப்போது வந்ததுதான். செம்புக் குண்டு விலை கூடுதல். ஒரு பெட்டிக்குச் சில பத்து டாலர் வித்தியாசம் வரும். வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் நான் அதில் கணக்குப் பார்க்க மாட்டேன். 'குண்டு பட்ட இடத்தைச் சுற்றித் தாராளமாக அறுத்துப் போடுங்கள்' என்று கடையிலும் சொல்லுங்கள். இரண்டு பவுண்டு போனால் போகட்டும்.

விற்க முடியாது, கொடுக்கலாம்

வேட்டையாடிய கறியை விற்பது குற்றம். நண்பருக்கும் விற்கக் கூடாது, அண்ணன் தம்பிக்கும் விற்கக் கூடாது, 'வெட்டுக்கூலியை மட்டும் பங்கு போட்டுக்கலாம்' என்று வாட்ஸாப் குழுவில் விலை போடுவதும் வம்புதான். சும்மா கொடுக்கலாம். கடைக்காரர் பொட்டலத்தின் மேல் 'விற்பனைக்கு அல்ல' என்று முத்திரை குத்துவது அதற்காகத்தான். ஆட்டையும் மாட்டையும் போல இந்த மானை அரசு ஆய்வாளர் யாரும் பார்த்து ஒப்புதல் தரவில்லை. உணவகத்தில் கிடைக்கும் மான்கறி பண்ணையில் வளர்த்தது, பெரும்பாலும் நியூசிலாந்திலிருந்து வருவது.

வேட்டை வேண்டும், நாற்பது பவுண்டு கறி வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு நல்ல வழி உண்டு. 2000-ஆம் ஆண்டிலிருந்து விஸ்கான்சினில் மான் நன்கொடைத் திட்டம் நடக்கிறது. குடல் எடுத்துப் பதிவு செய்த முழு மானை, திட்டத்தில் சேர்ந்த கடையில் இறக்கிவிட்டால் போதும். வெட்டுக்கூலியைத் திட்டம் கொடுக்கும், கறி உணவு வங்கிக்குப் போகும். உங்களுக்கு ஒரு பைசா செலவில்லை.

நானே வெட்டிக்கொண்டால்?

கறி அரைக்கும் இயந்திரம் நூறு டாலர் சொச்சத்திலிருந்து கிடைக்கிறது, உறை ஒட்டும் இயந்திரமும் ஏறக்குறைய அதே விலை. இரண்டு நல்ல கத்தி. முதல் மானுக்கு ஒரு நாள் முழுக்கப் போகும், இடுப்பு விட்டுப்போகும். இரண்டாவது வருஷம் முடியும்போது கூலிக் கணக்கில் லாபத்துக்கு வந்துவிடலாம். அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் இதை நினைக்கவே வேண்டாம். மானைத் தொங்கவிட இடமில்லை, எலும்பைக் கழிக்க இடமில்லை, கீழ்வீட்டுக்காரர் போலீஸைக் கூப்பிடுவார். வண்டி நிறுத்தும் கொட்டகை உள்ள நண்பர் இருந்தால், முதுகுக்கறியையும் தொடையையும் நீங்களே எடுத்துக்கொண்டு மிச்சக் கறியை மட்டும் சாசேஜுக்குக் கடையில் கொடுப்பது என்ற நடுவழி இருக்கிறது. அப்போது அடிப்படைக் கூலி இல்லை, செய்கிற பொருளுக்கு மட்டும் பவுண்டுக் கணக்கில் காசு.

எனக்கு முதல் இரண்டு வருஷம் கடைதான் சரி. 150 டாலருக்கு 42 பவுண்டு எலும்பில்லாத கறி என்றால் பவுண்டுக்கு மூன்றரை டாலர்தான் வருகிறது. எலும்போடு எடைபோடும் ஆட்டுக்கறிக்கு இங்கே கொடுக்கிற விலை உங்களுக்கே தெரியும்.

எடுக்கப் போகும் நாள்

பெரிய ஐஸ் பெட்டி இரண்டு கொண்டுபோங்கள். ஃப்ரீசரில் ஒன்றரைக் கன அடி இடம் முன்கூட்டியே காலி செய்துவையுங்கள், இல்லையென்றால் வீட்டில் உறைந்த பரோட்டாவுக்கும் மானுக்கும் சண்டை வரும். கவுண்டரிலேயே நின்று பொட்டலத்தை ஆர்டர் தாளோடு ஒத்துப் பாருங்கள்: பெயர், பதிவு எண், எத்தனை பொட்டலம், என்ன வெட்டு. என் இரண்டாவது வருஷப் பெட்டியில் வேறு ஒருவரின் பெயர் போட்ட சாசேஜ் நான்கு இருந்தது. திருப்பிக் கொடுத்தபோது கடைக்கார அம்மா சிரித்துக்கொண்டே, 'பாதிப் பேர் சொல்லவே மாட்டார்கள்' என்றார்.

முதலில் கொத்துக்கறிப் பொட்டலத்தில் தொடங்குங்கள். கொழுப்பில்லாத கறி என்பதால் எண்ணெய் ஒரு கரண்டி கூட விட வேண்டும். உள்சூடு 160 டிகிரி வர வேண்டும். குழம்புத் துண்டுக்கு ஆட்டுக்கறியை விட இரண்டு விசில் கூடுதல்.